விசாரணையா? கைதா? கேளுங்கள்!



"சும்மா ஒரு விசாரணைதான். காலையில் அனுப்பிவிடுவோம்."

நள்ளிரவில் கதவைத் தட்டி இளைஞனை ஜீப்பில் ஏற்றும்போது சொல்லப்படும் வார்த்தை இது. காலை போய் மாலையும் ஆகிவிடும். பையன் வரமாட்டான். எந்த ஸ்டேஷன் என்றும் தெரியாது. வீட்டார் என்ன செய்கிறார்கள்? கட்சிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். நகையை அடகு வைத்து யாரோ ஒரு புரோக்கரிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். சட்டம் இலவசமாகத் தந்திருப்பதை விலை கொடுத்து வாங்கத் துடிக்கிறார்கள்!

ஏன் இந்த நிலை? சரக்கு வாங்கினால் பில்லை வரிக்கு வரி படிக்கும் நமக்கு, நம் சுதந்திரத்தைக் காக்கும் நான்கு சட்டச் சொற்கள் தெரியாது.

முதல் சொல், கைது. விசாரணைக்கு அழைப்பதென்றால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு போய் விடாமல் வைத்திருந்தால் அது விசாரணை அல்ல. அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது: கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பும் வக்கீலைக் கலந்தாலோசிக்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது சொல், கைதுக் குறிப்பு. கைதான நாள், நேரம் எழுதி, குடும்பத்தினரோ ஊர்ப் பிரமுகரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டிய தாள் இது. 1986ல் மேற்கு வங்கத்தின் டி.கே.பாசு லாக்கப் மரணங்கள் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 1996 டிசம்பரில் 11 கட்டளைகள் பிறந்தன. கைதுக் குறிப்பும், உறவினருக்குத் தகவல் தருவதும் அவற்றில் உள்ளவை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை இடம்பெற்றுள்ளன. ஒரு கடிதத்துக்கு இத்தனை வலிமை!

மூன்றாவது சொல், ரிமாண்ட். மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிடும் நேரம் இது. அடித்திருந்தால் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் கைதாகி, ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் மாண்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நம்மைப் போன்ற வியாபாரிகள். லத்திக்கு மதம் தெரியாது.

நான்காவது சொல், ஆட்கொணர்வு மனு. ஆளைக் காணோமா? சட்டவிரோதக் காவலில் இருப்பதாக அஞ்சுகிறீர்களா? தந்தையோ மனைவியோ நண்பரோ உயர் நீதிமன்றத்தை அணுகலாம். "ஆளைக் கொண்டுவந்து நிறுத்து" என்று நீதிமன்றம் உத்தரவிடும்.

குற்றவாளியைத் தப்பவிடச் சொல்கிறோமா? இல்லை. குற்றம் செய்தவனுக்கு நீதிமன்றம் தண்டனை தரட்டும். லாக்கப்பில் தண்டனை தர யாருக்கும் அதிகாரமில்லை என்கிறோம்.

இளைஞர்களே! தந்தி கொடுக்கும் காலம் 2013லேயே முடிந்துவிட்டது. பிடித்துச் சென்ற நேரம், இடம், வந்தவர்களின் பெயர், வண்டி எண் ஆகியவற்றை உடனே எழுதுங்கள். மாஜிஸ்திரேட்டுக்கும் காவல்துறை மேலதிகாரிக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

வியாபாரப் பெருமக்களே! பக்கத்துக் கடைப் பையனைத்தானே பிடித்தார்கள் என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போகாதீர்கள். கைதுக் குறிப்பில் சாட்சியாகக் கையெழுத்திடச் சட்டம் தேடும் ஊர்ப் பிரமுகர் நீங்கள்தான். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்களா? சிந்தியுங்கள்!