பெயர் இல்லாத திரை

ஜப்பானியர் கடை வாசலில் தொங்கவிடும் துணித் திரைக்கு 'நோரென்' என்று பெயர். மேலே கழியில் கோத்து, கீழே பிளவு விட்டுத் தொங்கும். வெயிலையும் தூசியையும் தடுக்கும், ஆளைத் தடுக்காது. இப்போது அந்தத் திரையில் ஹொகுஸாயின் பேரலையும் ஹிரோஷிகேயின் மழையும் ஏறிவிட்டன. பாலியெஸ்டர் துணியில் அச்சடித்து உலகமெங்கும் விற்கிறார்கள்.

'மகத்தான ஓவியத்தை வாசல் துணி ஆக்கிவிட்டார்களே!' என்று கலாரசிகர்கள் புலம்புகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இவர்கள் இழவு வீடு மாறி அழுகிறார்கள்.

அந்தப் படங்கள் பிறந்த விதத்தைப் பாருங்கள். 'பேரலை' 1831-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்தது. ஓவியர் வரைந்ததை ஒருவர் மரத்தில் செதுக்கினார். இன்னொருவர் காகிதத்தில் ஒற்றினார். பதிப்பாளர் முதல் போட்டு விற்றார். ஒரு தாளின் விலை ஏறக்குறைய இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுதான். ஹிரோஷிகே தம் தோக்கைதோ வரிசையில், கோயு என்ற ஊரின் சத்திரக் காட்சியிலே, தம் பதிப்பாளரின் பெயரையே பலகையில் எழுதி மாட்டிவிட்டார்! 2024-ல் ஜப்பானிய அரசாங்கம் 1,000 யென் நோட்டிலேயே பேரலையை அச்சடித்தது. இப்படிப்பட்ட கலைக்குச் சந்தையைக் கண்டு என்ன கூச்சம்? மலிவு அதற்கு இழுக்கல்ல, பிறவிக் குணம்.

நான் பரிந்து பேச வந்தது படத்துக்காக அல்ல, திரைக்காக.

கடை நோரெனில் கடையின் பெயரோ சின்னமோ இருப்பது வழக்கம். துணியில் அரிசிப் பசையால் எழுதி, அவுரி நீலம் ஏற்றி, பசையைக் கழுவினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். காலையில் மாட்டினால் கடை திறந்துவிட்டது என்று பொருள், கழற்றினால் மூடியாயிற்று. பல்லாண்டு உழைத்த ஊழியருக்கு அதே பெயரில் தனிக் கடை வைக்க முதலாளி அனுமதி தருவதை 'நோரென் பிரித்துக் கொடுப்பது' என்பார்கள். இன்றும் ஜப்பானியக் கணக்கேட்டில், விலைக்கு வாங்கிய நிறுவனத்தின் நற்பெயர் மதிப்பு 'நோரென்' என்றே பதிவாகிறது. ஒரு முழத் துணி ஐந்தொகையில் ஏறிவிட்டதென்றால், அதற்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் நாணயம் இருக்க வேண்டும்!

அந்தத் துணியில் பெயரை எடுத்துவிட்டு அலையைப் போட்டால் என்ன ஆகிறது? சாப்பாடு சரியில்லை என்றால் யாரைக் கேட்பது? ஹொகுஸாயையா? அவர் 1849-லேயே போய்விட்டார்.

'வீட்டில் அழகுக்கு மாட்டினால் என்ன குற்றம்?' என்பீர்கள். ஒரு குற்றமும் இல்லை, தாராளமாக மாட்டுங்கள். ஆனால் அதைப் 'பாரம்பரிய நோரென்' என்று விற்கிறானே, அவனோடுதான் என் வழக்கு. அகலவாட்டில் வரைந்த படத்தை நெடிய துணியில் அடக்க ஓரங்களை வெட்டுகிறான். அலையோடு போராடும் படகுக்காரர்கள் பாதி காணாமல் போகிறார்கள். இடது மேல் மூலையில் இருந்த ஓவியரின் கையெழுத்தும் போகிறது. பாரம்பரியத்தில் இருந்த இரண்டு பெயர்களையும், கடைக்காரர் பெயரையும் கலைஞர் பெயரையும் அழித்துவிட்டு, மிச்சத்துக்குப் பாரம்பரியம் என்று சீட்டு ஒட்டுகிறான்.

அலையைப் போடட்டும், மலிவாகவே விற்கட்டும். ஓரத்தில் தன் பெயரையும் எழுதட்டும். பெயர் எழுதக் கூசுகிறவனுடைய சரக்கை வாசலில் மாட்ட நாம் ஏன் கூசக்கூடாது?