பெயர்ப் பலகையும் பேரேடும்

வணிகப் போர்வையில் தீவிரவாதத்துக்குப் பொருள் திரட்டுவோர் எவ்வினத்தவராயினும், எம்மதத்தவராயினும் தண்டிக்கப்பட வேண்டியவரே. இதில் எமக்கு இரு கருத்தில்லை. ஆனால், அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி எது? பேரேட்டைப் புரட்டுவதா, பெயர்ப் பலகையைப் பார்த்துக் கல்லெறிவதா?

சப்ரகமுவ மக்களுக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2018 டிசம்பரில் கேகாலை மாவட்டத்து மாவனல்லையில் புத்தர் சிலைகள் சிதைக்கப்பட்டன. அவ்விசாரணையைத் தொடர்ந்த பொலிஸார், 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில், தென்னந்தோட்டமொன்றிலே வெடிபொருட் குவியலைக் கண்டனர். அந்த நூலை இறுதிவரை பற்றிச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று சினமன் கிராண்ட் விடுதியில் குண்டை வெடிக்கவைத்த இன்சாப், வெல்லம்பிட்டியில் செப்புத் தொழிற்சாலை நடத்தியவர். அது வெறும் போலிக் கடை அன்று. மெய்யாகவே தொழில் நடந்த ஆலை. பலகையும் மெய், சரக்கும் மெய், மறைந்திருந்தது நோக்கமே. பலகையை எத்தனை முறை பார்த்தாலும் அது புலப்படுமா?

எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு வழங்கவேண்டுமென 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அதற்கு வெகு முன்னரே, 2019 மே மாதத்தில், குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளின் அப்பாவி முஸ்லிம் வணிகர் தம் கடைகளைத் தீக்குப் பறிகொடுத்துவிட்டனர். கடமை தவறியவர் ஒருவர். தண்டனை பெற்றவர் வேறொருவர்!

இந்நெருப்பை நாம் அறிவோம். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரியிலும் காவத்தையிலும் இறக்குவானையிலும் தமிழர் கடைகளும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் எரிந்தபோது, எவருடைய கணக்கை எவர் பார்த்தார்?

எம் பக்கத்தை மறைப்பதும் நேர்மையன்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் தமிழ்க் குடும்பங்களிடமும் வணிகரிடமும் விடுதலைப் புலிகளின் பெயரால் மிரட்டிப் பணம் பெறப்பட்டதை, 2006 மார்ச்சில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் எடுத்துரைத்தது. மனமுவந்து கொடுத்தவரும் அஞ்சிக் கொடுத்தவரும் ஒருவராகார். அந்த வேறுபாட்டைச் சாட்சியமே காட்டும்; சந்தேகம் காட்டாது.

சட்டமும் இதையே சொல்கிறது. பயங்கரவாத நிதியளிப்பு பற்றிய 2005ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் குற்றவாளியின் அறிவையும் எண்ணத்தையும் கேட்கிறது, குலத்தைக் கேட்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டமோ வங்கிகளுக்கு மட்டுமன்றி, இரத்தினக்கல் வணிகர், காணி முகவர் முதலியோருக்கும் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் கடமையை விதிக்கிறது. ரொக்கம் கைமாறும் இரத்தினபுரிச் சந்தைக்கு இது அயலார் விவகாரமா?

ஆகவே, அரசுக்கு எமது கோரிக்கை ஒன்று: கணக்கைச் சோதியுங்கள், எல்லாருடைய கணக்கையும் ஒரே அளவுகோலால் சோதியுங்கள். எம் மக்களுக்கும் ஒன்று சொல்வோம். சில்லறைத் தொகைக்காக அடையாள அட்டையையோ, வங்கிக் கணக்கையோ, காணி உறுதியையோ பிறர் தொழிலுக்கு இரவல் கொடாதீர்கள். வாசியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். இலாபம் பிறருக்குப் போகும். வழக்கு உங்கள் வாசலுக்கு வரும்.