ஊசிக்குப் பயந்தவளா அவள்?

'ஊசி போட மறுக்கிறார்' என்று என் தங்கையின் சீட்டில் எழுதியிருந்தது. 2022 சித்திரை. ஏழாவது மாசம் அவளுக்கு. காலை ஒன்று, ராத்திரி ஒன்று இன்சுலின். நாலு நாள் போட்டாள், விட்டுவிட்டாள். அறியாமை, ஊசிப் பயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நம்பித்தான் நானும் அவளைத் திட்டப் போனேன். படித்தவன் இல்லையா, திட்டுகிற உரிமை தானாக வந்துவிடுகிறது.

அவள் சொன்னாள்: "ஊசியப் போட்டா அரை மணி நேரத்துல சோறு துன்னணும்ணா. நான் ஆறு மணிக்கு மல்லாட்ட புடுங்கப் போறேன். கஞ்சி குடிக்கிறது பத்து மணிக்கு. மூணாம் நாளு கொல்லையிலயே கண்ணு இருட்டிகிட்டு, வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் நடுங்கி உக்காந்துட்டேன். வயித்துப் புள்ளயோட நான் அங்கயே வுழணுமா?"

இதில் அறியாமை யாருக்கு? சர்க்கரை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை உடம்பால் படித்தவள் அவள். எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மருந்து எழுதியவருக்கு என்ன பெயர் வைப்பது?

அடுத்தது ஃபிரிட்ஜ். பிரிக்காத குப்பியை 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கணும். பிரித்துப் புழங்குகிற குப்பி, 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறாமல் இருந்தால் நாலு வாரம் போலத் தாங்கும். சித்திரையில் சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் 30 டிகிரிக்கு எங்கே போவது? 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச டிவி வந்தது, 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்தது. ஃபிரிட்ஜ் வரவில்லை. அது ஊர்த்தெரு மளிகைக் கடையில் இருந்தது. கடைக்காரர் முடியாதென்று சொல்லவில்லை. "பால் பாக்கெட் பக்கத்துல வைக்க மாட்டேன், தனியா பையில கட்டிக் குடு" என்றார். தினம் இரண்டு வேளை வாசலுக்கு வெளியே நின்று "அய்யா, மருந்து" என்று குரல் கொடுக்கணும். கடைப் பையன் கொண்டுவந்து திண்ணையில் வைப்பான், கையில் தரமாட்டான். ரெட்டை டம்ளரை டீக்கடையோடு ஒழித்துவிட்டதாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் தோழர்களே, அது குளிர்ப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. ஃபிரிட்ஜுக்குக் கடன் கேட்டு வந்தால் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்கிறவன் நான்தான். கூலிக்காரிக்கு ஏது சம்பளச் சீட்டு? கவிதையில் வேறு மாதிரி எழுதுகிறேன், அது கிடக்கட்டும்.

2007இல் தமிழ்நாட்டு அரசு கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை சோதனை செய்யச் சொன்னது நல்ல காரியம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை. சேரிப் பெண்ணின் ரத்தம் வரைக்கும் அரசு வந்துவிடுகிறது. அவள் அடுப்படி வரைக்கும் வருவதில்லை. ரேஷன் அரிசியைத் தவிர வேறில்லாத வீட்டில் சோற்றைக் குறை, காய்கறி சேர் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

மாமியார் வேறு, ஊசி என்றால் முத்திப்போன சுகர், ஆயுசுக்கும் விடாது, புள்ளைக்கும் ஏறிடும் என்று பயந்தார். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை, பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கப்படவில்லை.

கிராம செவிலியர் ஒருத்தர், சின்ன வயசுதான், வீட்டுக்கே வந்தார். பெரிய பானையில் ஈர மணல், நடுவில் சின்னச் சட்டி, அதற்குள் பிளாஸ்டிக் பையில் குப்பி. இதுதான் எங்கள் ஃபிரிட்ஜ் ஆனது. டாக்டரிடம் அவரே பேசி ஊசி நேரத்தைக் கஞ்சி நேரத்துக்கு மாற்றினார். பத்து மணிக்குப் பனைமர மறைவில் என் தங்கை தானே ஊசி போட்டுக்கொண்டாள். பயந்தவள் செய்கிற வேலையா இது?

மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனால் சிரிஞ்சையும் பாருங்கள். இங்கே 40 யூனிட் குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் குப்பியும் புழங்குகிறது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு. 40 குப்பிக்கு ஆரஞ்சைக் கொடுத்தால் பாதி மருந்துகூட உள்ளே போகாது. 100 குப்பிக்கு சிவப்பைக் கொடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். அப்போதும் சீட்டில் அவள் மேல்தான் எழுதுவார்கள்.