பூட்டி வைத்தால் பொடியாகும்!

தாள் சாகும். இதை முதற்கண் ஒப்புக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு மரக்கூழினாற் செய்யப்பெற்ற மலிவுத்தாள், தன்னை அரிக்கும் காடித்தன்மையைத் தன்னுள்ளேயே சுமந்து பிறந்தது. பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்து, புரட்டும் விரலிலேயே உதிர்ந்துவிடும். நம் முன்னோர் வயிற்றைக் கட்டி அச்சிட்ட மாதிகைகளும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் இத்தாளில் வந்தவையே!

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களை எள்ளி நகையாடுகின்றோம். பரணிற் கிடந்த இதழ்க்கட்டுகளைப் பழந்தாள் கடையில் எடைக்குப் போட்டவர் யார்? கற்றறிந்தார் சிலர் செய்வது அதனினும் கொடிது. 'என் தொகுப்பு' என்று பேழையிற் பூட்டிக் கரையானுக்கு மட்டும் திறந்து வைத்துள்ளனர். கேட்டாலோ, "பல இலக்க உரூபாவில் நூல்வருடி வேண்டும்; அரசு தரட்டும்" என்கின்றனர்.

வெற்றுச் சாக்கு! கணக்கிட்டுப் பாருங்கள். எட்டரை அங்குல உயரமும் ஐந்தரை அங்குல அகலமும் உள்ள நூலை விரித்து வைத்தால் அகலம் பதினோரங்குலம். அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் பதிக்க ஏறத்தாழ 84 இலக்கம் புள்ளிகள் போதும். திருமணப் பந்தியில் இலைச்சோற்றைப் படமெடுக்கின்றோமே, அந்தக் கைப்பேசியே ஒரு கோடிக்கு மேல் பதிக்கும்! பழைய ஒளிப்படக் கருவி ஒன்றிருப்பின் இன்னும் நன்று.

கருவியை நிலைக்காலிற் பொருத்திப் படக்கண் தாளுக்கு நேர்மேலே சாயாது நிற்குமாறு செய்க. இருபுறமும் ஒரேவகை விளக்கிரண்டைச் சாய்வாக வைக்க. கருவியின் மின்வெட்டொளி கூடாது. அது தாளிற் பட்டுத் தெறித்து எழுத்தை விழுங்கிவிடும். தாள் வளைந்தால் மேலே கண்ணாடிப் பலகை. கை அதிராமலிருக்கத் தற்சுடுக்கியைப் பயன்படுத்துக. படத்திற்குப் பத்து நொடியெனினும், முந்நூறு பக்க நூல் இருபத்தைந்து நிமையத்தில் முடியும். வருடியிற் கவிழ்த்து அழுத்தி முதுகை முறிக்கும் கொடுமையும் இல்லை. நாளிதழ் பெரிது, அதைப் பகுதி பகுதியாகத்தான் எடுக்கவேண்டும்.

1981 மே இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறு படியில்லாச் சுவடிகளும் சாம்பலாயின. கொளுத்தியவனைச் சினக்கின்றோம், சினக்கத்தான் வேண்டும். ஆயின், ஒரே படியை ஒரே கூரையின்கீழ் வைக்கும் பழக்கத்தை நாம் இன்னும் விட்டோமில்லையே! அவ்வீழமண்ணின் எழுத்துகளை இணையத்தில் திரட்ட 2005இல் தோன்றிய நூலகத் திட்டம் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை; தன்னார்வலர் கைகளாலேயே எழுந்தது. இங்கோ, கோட்டையூர் ரோசா முத்தையா தனியொருவராய்த் திரட்டிய பெருந்தொகுப்பை, அவர் 1992இல் மறைந்தபின் விலைகொடுத்துக் காக்கச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது. வந்ததற்கு நன்றி சொல்வோம். நாம் எங்கே போயிருந்தோம்?

எடுத்த படங்களுக்கு இதழ்ப்பெயர், ஆண்டு, திங்கள், பக்கம் என்று பெயரிடாவிடில் அதுவும் இன்னொரு குப்பைப் பரணே. மூன்று படிகளெடுத்து, அவற்றுளொன்றை வேற்றூரில் வையுங்கள். ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு கடந்த நூல்களைத் தடையின்றி வெளியிடலாம். கடவாதவற்றுக்கு மரபுரிமையரிடம் எழுத்தில் இசைவு கேளுங்கள். கேட்குமுன்னரே மறுப்பரென்று நீங்களாக முடிவுகட்டிக் கொள்ளாதீர்கள்.