பாலுக்குச் சோதனை உண்டு. ஆளை ஏற்றும் வண்டிக்கு?



வண்டிப் பரிசோதனை என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம் நாட்டில் பெருகிவிட்டார்கள். “ஆறு மாதத்துக்கு ஒரு முறை லோரியைக் கொண்டுபோய் நிறுத்து, ஒரு நாள் ஓட்டம் கெடு, கட்டணமும் கட்டு. கண்ட பலன் என்ன?” என்று லோரி முதலாளி கேட்கிறார். அவர் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் நாள்தோறும் வண்டியில் ஏறி இறங்கும் நம்மவர்களில் சிலரும் “வீண் தொந்தரவு” என்று ஒத்து ஊதுகிறார்களே, அதுதான் வேதனை. ஆகவே இதைத் தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

மலேசியாவில் லோரி, பஸ், பள்ளி வேன் போன்ற வாணிப வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். 1994 முதல் 30 ஆண்டுகள் புஸ்பாகோம் ஒன்றே இதை நடத்தியது. 2024இல் அந்தத் தனியுரிமை முடிந்து, பிறருக்கும் வழி திறந்தது. யார் நடத்தினாலும் வேலை ஒன்றுதான். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் திரும்புகிறதா, விளக்கு எரிகிறதா, டயர் தேய்ந்ததா, அடிப்பாகம் துருப்பிடித்ததா என்று பார்ப்பது. இதற்கா இத்தனை சலிப்பு?

தொந்தரவு, தொந்தரவு என்கிறார்களே, யாருக்குத் தொந்தரவு? முதலாளிக்கு ஒரு நாள் வாடகை நட்டம். பழுதான வண்டி ஓடினால் நமக்கு நட்டமாவது கையும் காலும். சில வேளை உயிரும். 2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் நடந்ததை மறந்துவிட்டோமா? கல் ஏற்றிவந்த லோரியொன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியில் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். ஸ்டீயரிங் கோளாறும் அளவுக்கு மீறிய பாரமும் விசாரணையில் வெளிவந்தன. வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நம்மைப் போல் சம்பளத்துக்கு உழைத்தவர்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுகிறார்கள். சான்று கைக்கு வந்ததும் பழைய மொட்டை டயரை மாட்டுகிறார்கள். பரிசோதனைக்கு வெறும் லோரி போகிறது. சாலையில் பாரம் மீறிய லோரி ஓடுகிறது. “ஆகவே பரிசோதனையே வெறும் காகிதம்” என்கிறார்கள்.

இதற்கு மறுமொழி நம் தோட்டத்திலேயே இருக்கிறது. பால் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணிகளுக்கும் வாளி சுமந்து நிற்கும் பால்வெட்டுக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். ஒருவர் பாலில் தண்ணீர் கலந்தார் என்று வைத்துக்கொள்வோம். உடனே நிர்வாகம், “இனி மெட்ரோலக் எதற்கு? தூக்கி எறியுங்கள்” என்று சொல்லுமா? சொல்லாது. இரண்டு முறை அமிழ்த்திப் பார்க்கும். செம்பனைத் தோட்டத்தில் பழுக்காத குலை ஒன்று வந்தால் எண்ணி ஒதுக்கும். தன் பணம் கலந்த இடத்தில் ஏமாற்று நடந்தால் சோதனையைக் கூட்டுகிறவர்கள், நம் உயிர் கலந்த இடத்தில் ஏமாற்று நடந்தால் சோதனையையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். இது என்ன நீதி? குற்றம் பரிசோதனையிலா, ஏமாற்றுகிறவனிடமா?

பரிசோதனை போதவில்லை என்றால் அதைக் கூட்டு! சாலையில் திடீர்ச் சோதனை செய். பாரத்தை நிறுத்துப் பார். டிரைவரை மட்டும் பிடிக்காமல், வண்டிக்காரரையும் சரக்குக்காரரையும் பிடி. இதுவே நாம் சொல்வது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொதுச் சாலைக்கே வராமல் தோட்டத்து மண் சாலையிலேயே ஓடித் தேயும் டிராக்டர்களும் டிரெய்லர்களும் எத்தனை! பெரட்டு முடிந்து இருட்டோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் போகின்றன. மழை பெய்தால் சாலை சேறாகிறது. இவற்றை எந்த நிலையத்தில் யார் பார்க்கிறார்கள்? “பிரேக் சரியில்லை ஐயா” என்று டிரைவர் சொன்னால், “இன்றைக்கு மட்டும் ஓட்டு” என்ற பதில் வருகிறது. அந்த ‘இன்றைக்கு மட்டும்’ ஆறு மாதம் நீள்கிறது. வண்டி கவிழ்ந்தால் குற்றவாளி யார்? அதே டிரைவர்! எழுதி வைத்த பரிசோதனைச் சீட்டு இருந்தால்தானே அந்த ஏழை தன்னைக் காத்துக்கொள்ள முடியும்?

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆனால் பெட்டியில் பூட்டிய சட்டம் பிரேக்கைப் பிடிக்காது. அதை வெளியே எடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. தோட்டத்துக்குள் ஆளேற்றும் ஒவ்வொரு வண்டியும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதி பெற்ற ஆளால் பரிசோதிக்கப்பட வேண்டும். முடிவைப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

2. டிரைவர் சொல்லும் பழுதை ஆபீஸ் கிராணி புத்தகத்தில் நாள் குறித்து எழுத வேண்டும். சீர் செய்யும்வரை அவ்வண்டியில் ஆளேற்றக் கூடாது.

3. வண்டி நின்ற நாளுக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

4. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தேர்ந்தெடுத்தவர்கள் அமர வேண்டும். துரை கைகாட்டியவர்கள் அல்ல.

இந்த நான்கையும் ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் தீர்மானமாக நிறைவேற்றி நிர்வாகத்திடம் கொடுப்போம். உள்நாட்டவரானாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவரானாலும் ஒரே டிரெய்லரில்தான் போகிறோம். எல்லாரையும் சேர்த்தே கேட்போம். நாம் வெட்டும் பாலைத் தினமும் சோதிக்கிறவர்கள், நம்மை ஏற்றும் வண்டியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது சோதிக்கட்டும்!