கீழாநெல்லியும் சோதனையும்

இராயபுரத்துத் தெருக்களில் ஒருவர்க்கு மஞ்சட்காமாலை கண்டதெனின், அண்டை வீட்டார் முதலிற் கூறும் மருந்து கீழாநெல்லியே. இலைகளின் கீழே நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாய்த் தொங்குதலின் அச்செடி இப்பெயர் பெற்றது. அதனை அரைத்து மோரிற் கலந்து பருகுதல் நெடுநாள் வழக்கு. இதனைப் பழமையென்று இகழ்வாரும் உளர். பழமையாதலின் ஆராய்ச்சி வேண்டா என்பாரும் உளர். இருவர் கூற்றும் பொருந்தா என்பதே எம் கருத்து.

1988-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன், 1976-இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க் முதலானோர் தம் ஆய்வொன்றை 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி வைரஸைக் குருதியிற் சுமந்தோர்க்குக் கீழாநெல்லி 30 நாள் கொடுக்கப்பட்டது. அவ்வாறு உண்ட 37 பேருள் 22 பேர் குருதியில் அவ்வைரஸின் மேலுறைப் புரதம் தென்படாதாயிற்று. மருந்தற்ற போலிப் பொடியை உண்ட 23 பேருள் ஒருவர்க்கே அங்ஙனம் ஆயிற்று. நம் வேலியோரச் செடி உலக அறிஞர் கருத்தை ஈர்த்தது. ஆயின் 1990-இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு அப்பயனைக் காணவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்புரையும் உறுதியான சான்று இல்லையென்றே முடித்தது.

இது நம் முன்னோர்க்கு இழுக்காமோ? அன்று. காமாலை தனியொரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். மாசுபட்ட நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானே தணியும். அப்போது உண்ட இலையே புகழ் பெறும். பி வகையோ சிலரிடத்து ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து கல்லீரலை வடுப்படுத்தும், புற்றுநோய்க்கும் வழிகோலும். கண்ணின் மஞ்சள் நீங்கினமை ஒன்றே நோய் நீங்கியமைக்குச் சான்றாகாது. போலிப் பொடியோடு ஒப்பிட்டு நோக்குதல் இதன்பொருட்டே.

பாட்டியார் அரைத்தளித்த கீழாநெல்லியை இளமையில் யாமும் பருகினோம், நலமும் பெற்றோம். அஃது இலையின் பயனோ, உடலின் இயல்போ, இன்றும் யாம் அறியோம். குருதியைச் சோதித்தார் எவருமிலர்.

மாணவ நண்பர்காள்! நம் பகுதிக்கு அணித்தே ஸ்டான்லி மருத்துவமனை உளது. காமாலை கண்ட உற்றாரை முதற்கண் அங்கு அழைத்துச் செல்லுங்கள். பி வகையைத் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு. பாட்டியாரின் அன்பைப் பழியாது, அவர்க்கும் இதனை அமைதியாய் எடுத்துரையுங்கள். கீழாநெல்லியின் உண்மைப் பயனை இனி வரும் ஆய்வுகள் உரைக்கட்டும்; அதுகாறும் நோயாளியின் கல்லீரல் காத்திராது.