குரோட்டன்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் பிடிக்காது

வீடு மாற்றினோம். டெம்போவில் பீரோ, கட்டில், கிரைண்டரோடு அப்பா ஆசையாக வளர்த்துவிட்டுப் போன குரோட்டன்ஸ் தொட்டியும் வந்தது. பத்தே நாளில் சிவப்பும் மஞ்சளுமாய் இருந்த இலையெல்லாம் கொட்டி, குச்சி மட்டும் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தினம் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவாள். அதுதான் தாங்கவில்லை.

பயத்தில் வேளாவேளைக்கு சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"நிறுத்துங்க சார்! இலையே இல்லாத செடி எவ்வளவு குடிக்கும்? வேர் அழுகிடும்" என்றார் நர்சரிக்காரர். இடம் மாறினால் இலையை உதிர்ப்பது அதன் சுபாவமாம். (பாங்க் நண்பனுக்கு டிரான்ஸ்ஃபரில் முடி கொட்டியது.) நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். பட்டைக்கு அடியில் பச்சை. உயிர் இருக்கிறது!

அப்புறம் மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். நிழலில் வைத்தால் புது இலை வெறும் பச்சையாகவே நின்றுவிடும், வெயில் பட்டால்தான் கலர். அதனால் பால்கனியில் காலை வெயில் விழுகிற மூலைக்கு மாற்றினேன். காய்ந்த நுனியை ஒடித்தபோது வடிந்த பால் சட்டையில் பட்டு, கறை இன்னும் போகவில்லை.

ஐந்தாவது வாரம், அரிசி அளவு துளிர். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"உங்கப்பாவோட பிடிவாதம்டா இதுக்கு" என்றாள்.